ஓய்வுக்காலப் பயணத்துக்கு மோட்டார்ஹோமா, இழுவை டிரெய்லரா?

அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பிறகு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி வாங்கக் கிளம்பும் பலர் கட்டிலையும் சமையல் மேடையையும் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிடுகிறார்கள். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ஓரிடத்தில் எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்பதைத்தான். இரண்டு இரவுக்கு ஓர் ஊர் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு, எஞ்சினும் வீடும் ஒரே வண்டியில் உள்ள மோட்டார்ஹோம் சரிவரும். இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் தங்கிச் சுற்றுப்புறத்தைப் பார்ப்பவர்களுக்கு, பிக்கப் டிரக்கால் இழுத்துப்போகும் டிரெய்லர்தான் நல்லது.

டிரெய்லரை நிறுத்தினால் சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை வைத்து, மட்டம் பார்த்து, டிரக்கோடு இணைக்கும் ஹிட்சைக் கழற்றி, தாங்குகால்களை இறக்கி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் இணைக்க வேண்டும். பழகியவர்களுக்கே அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு டிரக் கைக்கு வந்துவிடும். கடைக்கும் மருத்துவரிடமும் அதிலேயே போய்வரலாம். மோட்டார்ஹோமில் மழை கொட்டினாலும் இருக்கையை விட்டு எழுந்து படுக்கப் போய்விடலாம். ஆனால் மறுநாள் பால் வாங்க வேண்டுமென்றால் எல்லா இணைப்பையும் பிடுங்கிக்கொண்டு முழு வீட்டையும் ஓட்டிப்போக வேண்டும்.

அதனால்தான் மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் ஒரு சிறு காரை இழுத்துப்போகிறார்கள். நான்கு சக்கரமும் தரையில் உருள எல்லாக் கார்களையும் இழுக்க முடியாது, கியர்பெட்டி கெட்டுவிடும். எது தாங்கும் என்பது அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். இழுவைத் தண்டு, காரின் முன்புறத்தில் பொருத்தும் தகடு, துணை பிரேக் எல்லாவற்றுக்கும் தனிச் செலவு. கார் மாட்டியிருக்கும்போது பின்னால் வரக் கூடாது, தண்டு வளைந்துவிடும். தவறான சந்துக்குள் நுழைந்துவிட்டால் நடுத்தெருவில் காரைக் கழற்றித்தான் மீள வேண்டும்.

டிரெய்லர் வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் எடை. டிரக் விளம்பரத்தில் ‘10,000 பவுண்டு இழுக்கும்’ என்று இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது. அது 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் அதிகபட்ச எடை 7,500. அதன் மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 சதவீதம் என்றால் 975. எடையைப் பகிரும் ஹிட்ச் 90, இரண்டு பேர் 330, கருவிகளும் சாமானும் 150. கூட்டினால் 1,545. பத்தாயிரம் இழுக்கும் என்ற டிரக் ஏழரை ஆயிரத்திலேயே வரம்பைத் தாண்டிவிட்டது. கணக்குக்கு டிரெய்லரின் வெற்று எடையை எடுக்காதீர்கள். விற்பனையாளர் அதைத்தான் சொல்வார். பாத்திரமும் துணியும் தண்ணீரும் ஏறாத வீட்டை யார் இழுத்துப்போகிறார்கள்?

மூக்கெடையைக் குறைத்துச் சமாளிக்க, சாமானைப் பின்பக்கம் தள்ளி வைக்கக் கூடாது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆடினால் டிரக் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரக்கில் பொருத்தியிருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும்.

டிரக்கின் சரக்குப் பெட்டியில் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை ஆடுவது குறைவு. ஆனால் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் மேல் இறங்கும். 12,000 பவுண்டு என்றால் 2,400. ஃபோர்டு எஃப்-350 போன்ற கனரக பிக்கப் டிரக் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பெரும்பாலானவற்றில் படுக்கை மேல்தட்டில் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கடையிலேயே நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

மோட்டார்ஹோமுக்கும் எடை வரம்பு உண்டு. கிளாஸ் சி எனப்படும் நடுத்தர அளவு மோட்டார்ஹோம்கள் பல ஃபோர்டு ஈ-450 வேன் அடிச்சட்டத்தில் கட்டப்படுகின்றன. அதன் மொத்த வரம்பு 14,500 பவுண்டு. வீட்டை நீட்டிக்கொண்டே போனால் ஆளுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது குறைந்துபோகும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் அதுவே 330. எந்த வண்டியானாலும் சாமான் ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

எஞ்சின் பழுதானால் மோட்டார்ஹோம்காரர்களின் வீடும் பட்டறையில் நிற்கும், அவர்கள் விடுதி தேட வேண்டும். டிரெய்லர்காரர்கள் டிரக்கை மட்டும் விட்டுவரலாம். பின்னாளில் ஓட்டுவது தளர்ந்தால் டிரெய்லரை விற்றுவிட்டு டிரக்கை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கணவன் மனைவி இருவராலும் ஓட்ட முடிகிற வண்டியாக இருக்க வேண்டும்; வழியில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர்தான் ஓட்ட வேண்டும்.

நீளமும் பார்க்க வேண்டும். மான்டனாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு த சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. இழுத்துவருவதும் அந்த அளவில் சேரும். டிரக் 21 அடிக்குள் இருந்தால், முகாமில் டிரெய்லரை விட்டுவிட்டு அதில் போகலாம். காரில்லாத மோட்டார்ஹோம்காரர்கள் அங்கே பேருந்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கினால் டயரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு ஆண்டான டயருக்கு எவ்வளவு பட்டை மிச்சமிருந்தாலும் புதிது மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பிறகு கூரை விளிம்பின் கீழ் உள்சுவரையும், அலமாரி மூலைகளையும், படுக்கைக்கு அடியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் உள்ளே புகுந்து மரம் உளுத்திருக்கிறது; விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.