ஹாஸ்பிட்டல் நடத்துற க்ளினிக், சம்பளத்துக்கு இருக்க டாக்டர்: பில் எப்படி போடணும்

நாகர்கோவில்ல அமெரிக்க ஹாஸ்பிட்டலுக்கு மெடிக்கல் பில்லிங் பண்ற வேலைல புதுசா சேர்ற பிள்ளைங்க நிறைய பேரு முதல்ல முட்டி நிக்கிறது இந்த இடத்துல தான். க்ளினிக்கும் ஹாஸ்பிட்டலோடது, டாக்டருக்கு சம்பளமும் ஹாஸ்பிட்டல் தான் குடுக்கு, அப்புறம் ஒரே விசிட்டுக்கு எதுக்கு ரெண்டு பில்லுன்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு போனா டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மருந்து எல்லாம் ஒரே கவுன்ட்டர்ல முடிஞ்சிரும்லா, அதனால கேக்கத்தான் செய்வாங்க.

அமெரிக்கால ஓனர் யாரு, சம்பளம் யாரு குடுக்கான்னு பாத்து பில் போட முடியாது மக்கா. அந்த க்ளினிக் மெடிக்கேர் (அங்க முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கு கவர்மென்ட் குடுக்க இன்சூரன்ஸ்) கணக்குல ஹாஸ்பிட்டலோட ஒரு டிபார்ட்மென்ட்டா இல்ல சாதா டாக்டர் ஆபீஸா, அதான் கேள்வி. ஒரே ஹாஸ்பிட்டலுக்கு நாலு க்ளினிக் இருந்தா ரெண்டு அப்படியும் ரெண்டு இப்படியும் இருக்கும், அதனால க்ளையன்ட் வந்த அன்னைக்கே லொகேஷன் வாரியா லிஸ்ட் கேட்டு வாங்கி வச்சுக்கிடுங்க.

சாதா ஆபீஸ்னா வேலை சுலபம். ஒரே க்ளெய்ம் (இன்சூரன்ஸ்கிட்ட காசு கேட்டு அனுப்புற பில்), சிஎம்எஸ்-1500ங்கிற டாக்டர் பில் ஃபார்ம், பிளேஸ் ஆஃப் சர்வீஸ் (எந்த மாதிரி இடத்துல பாத்தாங்கன்னு சொல்ற கோட்) 11, வாடகை நர்ஸ் கரண்டு செலவெல்லாம் அந்த ரேட்டுக்குள்ளயே அடங்கிரும்.

டிபார்ட்மென்ட்னா தான் ரெண்டா பிரியும். டாக்டர் பாத்ததுக்கு சிஎம்எஸ்-1500, இடத்துக்கும் ஸ்டாஃபுக்கும் யூபி-04ங்கிற ஹாஸ்பிட்டல் பில் ஃபார்ம். ஹாஸ்பிட்டல் மெயின் பில்டிங்லேருந்து 250 கஜத்துக்குள்ள இருந்தா கேம்பஸ்னு கணக்கு, பிளேஸ் ஆஃப் சர்வீஸ் 22, அதுக்கு வெளிய இருந்தா 19. இந்த 19 வந்ததே 2016ல தான், அதனால பழைய கணக்க தோண்டும்போது எல்லாம் 22ன்னு கிடந்தா பயப்படாதீங்க.

ஒரு மெடிக்கேர் பேஷன்ட் முட்டு வலின்னு வெளிய இருக்க க்ளினிக்குக்கு வாறாங்கன்னு வைங்க. டாக்டர் பாக்காரு, அந்த விசிட்டுக்கு கோட் 99213. அங்கயே முட்டுக்கு 3 வியூ எக்ஸ்ரே எடுத்து டாக்டரே ரிப்போர்ட்டும் எழுதுறாரு, 73562. இப்ப 1500ல 99213 போடணும், 73562க்கு 26 மாடிஃபையர் (கோட் பின்னாடி போடுற சின்ன குறிப்பு; 26ன்னா டாக்டர் ரிப்போர்ட் எழுதின பங்கு மட்டும்) போடணும், ரெண்டுக்கும் பிளேஸ் 19. யூபில விசிட்டுக்கு ஜி0463 (ஹாஸ்பிட்டல் க்ளினிக் விசிட்டுக்கான கோட்), ரெவின்யூ கோட் (எந்த டிபார்ட்மென்ட் சார்ஜ்னு சொல்றது) 0510, எக்ஸ்ரேக்கு அதே 73562, மாடிஃபையர் 26 அங்க வரவே கூடாது. அந்த 26அ மட்டும் 1500ல விட்டுட்டீங்கன்னா மெஷின் செலவையும் டாக்டர் கேக்க மாதிரி ஆயிரும், டினையல் (காசு தர மாட்டோம்னு பதில்) வந்து, வராத காசை துரத்துற ஏஆர் டீம் நம்மள திட்டும்.

பிளேஸ் 19, 22ல டாக்டர் க்ளெய்முக்கு காசு குறையும், இடச்செலவு ஹாஸ்பிட்டலுக்கு தனியா போறதுனால. டாக்டர் ஏன் சண்டைக்கு வரமாட்டாருன்னா அவரோட வொர்க் ஆர்வியூ (டாக்டர் உழைப்புக்கு மெடிக்கேர் போடுற பாயின்ட்) எந்த பிளேஸ்ல போட்டாலும் மாறாது, நிறைய பேருக்கு சம்பளம் அத வச்சு தான் கணக்கு பண்ணுவாங்க.

யூபில இன்னொரு தலைவலி பிஓ, பிஎன்னுங்கிற ரெண்டு மாடிஃபையர். 2015 நவம்பர் 2க்கு முன்னாடியே ஹாஸ்பிட்டல் டிபார்ட்மென்ட்டா பில் போட்டுட்டு இருந்த வெளி க்ளினிக்குக்கு பிஓ, அதுக்கப்புறம் தொடங்கினதுக்கு பொதுவா பிஎன். பிஎன்னுக்கு ஹாஸ்பிட்டல் ரேட்ல 40 சதவீதம் தான். 2020லேருந்து பிஓ போட்டாலும் ஜி0463க்கு அதே 40 தான், கிராமத்து சோல் கம்யூனிட்டி (சுத்து வட்டாரத்துக்கு ஒரே ஆஸ்பத்திரின்னு மெடிக்கேர் கணக்குல இருக்க) ஹாஸ்பிட்டலுக்கு மட்டும் பிறகு விலக்கு குடுத்தாங்க. க்ளினிக் இடம் மாறிச்சுன்னா பிஓ பறிபோகலாம், அட்ரஸ் மாத்த சொல்லி மெயில் வந்தா சும்மா மாத்திட்டு விட்ராதீங்க, மாடிஃபையர் என்னன்னு கேளுங்க.

டாக்டர் பேரு எங்க வரும்? அவர் தன்னோட பேமென்ட் உரிமைய ஹாஸ்பிட்டல் குரூப்புக்கு எழுதிக் குடுத்திருப்பாரு, அதனால 1500 ஃபார்ம்ல 24ஜே கட்டத்துல அவரோட என்பிஐ (டாக்டருக்கும் குரூப்புக்கும் குடுக்க அடையாள நம்பர்), 33ல குரூப்போட என்பிஐ, 25ல குரூப்போட டாக்ஸ் ஐடி. புதுசா சேந்த டாக்டர்னா மெடிக்கேர்ல சேர (என்ரோல்மென்ட்) பேப்பர் போட்ட தேதிக்கு முன்னாடி 30 நாள் வரைக்கும் தான் பொதுவா பின்னோக்கி பில் பண்ண விடுவாங்க, என்ரோல்மென்ட் முடியுற வரைக்கும் க்ளெய்ம ஹோல்ட்ல வைங்க. அவசரப்பட்டு பக்கத்து ரூம் டாக்டர் பேர்ல அனுப்ப சொன்னா செய்யவே செய்யாதீங்க, அது நேரா ஃப்ராடு. நர்ஸ் பிராக்டிஷனர் (தானே பேஷன்ட்ட பாத்து மருந்து எழுதுற நர்ஸ்) பாத்தாலும் 19, 22ல இன்சிடென்ட் டூ (டாக்டர் பேர்ல போட்டு முழு ரேட் வாங்குறது) செல்லாது, அவங்க பேர்ல போட்டு டாக்டர் ரேட்ல 85 சதவீதம் வாங்கணும்.

பிளேஸ் 11 க்ளினிக்னு நிம்மதியா இருக்கவங்களுக்கு ஒரு விஷயம். க்ளினிக் முழுசா ஹாஸ்பிட்டலோடதா இருந்து, பேஷன்ட் அதுக்கப்புறம் 3 நாளைக்குள்ள அதே ஹாஸ்பிட்டல்ல அட்மிட் ஆனா, டெஸ்ட் எல்லாத்துக்கும், அந்த அட்மிஷனோட சம்பந்தப்பட்ட மத்த சர்வீஸுக்கும் பிடி மாடிஃபையர் (அட்மிஷனுக்கு முன்னாடி பண்ணதுன்னு காட்டுறது) போடணும். சைக்கியாட்ரி மாதிரி ஹாஸ்பிட்டலுக்கு 1 நாள். இது சார்ஜ் என்ட்ரில தெரியாது, அட்மிஷன் லிஸ்ட் தினமும் வந்தா தான் பிடிக்க முடியும், அதனால க்ளெய்ம மூணு நாள் வச்சிருந்து அனுப்புறது நல்லது.

வாய்ஸ்ல (பேஷன்ட் போன் எடுக்குற டீம்) இருக்கவங்களுக்கு ராத்திரி வர்ற போன் கால்ல பாதி இதுதான், எனக்கு ஏன் ரெண்டு பில்லு, ரெண்டு கோஇன்சூரன்ஸு (பேஷன்ட் கையிலேருந்து கட்டுற பங்கு). கேம்பஸுக்கு வெளிய இருக்க டிபார்ட்மென்ட்னா மெடிக்கேர் பேஷன்ட்டுக்கு இத முன்னாடியே எழுத்துல சொல்லணும்னு ரூலே இருக்கு, அந்த நோட்டீஸ் ஃபைல்ல இருக்கான்னு பாத்துட்டு பேசுங்க. பிரைவேட் இன்சூரன்ஸ்னா நிறைய பேரு இந்த ரெண்டு பில்ல ஏத்துக்கவே மாட்டாங்க, எல்லாத்தையும் சேத்து 11ல ஒரே க்ளெய்மா கேப்பாங்க, சிலர் யூபிலயும் ஜி0463 வேண்டாம் 99213ஏ போடுன்னு சொல்லுவாங்க. கான்ட்ராக்ட்ல என்ன இருக்கோ அத இன்சூரன்ஸ் கம்பெனி வாரியா எக்ஸெல்ல போட்டு ஸ்க்ரீன் ஓரத்துல திறந்து வச்சிட்டே வேலை பாருங்க.