‘கணவர் / மனைவி’ கட்டத்துக்கு வெளியே வாழும் இணையர் எழுதிவைக்க வேண்டிய தாள்கள்

வங்கியோ மருத்துவமனையோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் ‘தந்தை / கணவர் பெயர்’ என்று ஒரு வரி இருக்கும். ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் என்று அந்த வரி முன்பே முடிவுசெய்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு திருமண உரிமையைத் தரவில்லை. பத்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டாலும் சட்டத்தின் கணக்கில் இருவரும் வேற்றாள்தான். குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது ஆறுதல். அதைக் காட்டி வங்கிக் கவுன்ட்டரில் பணம் வாங்க முடியாது.

நீங்கள் ஒன்றும் எழுதாமல் இறந்தால், சட்டம் எழுதிவைத்திருப்பது நடக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, மணமாகாத ஆணின் சொத்து முதலில் தாய்க்குப் போகும். பெண்ணின் கதை இன்னும் வினோதம்: பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால் அடுத்த வரிசை கணவரின் வாரிசுகள், அதற்கும் பிறகுதான் பெற்ற தாய் தந்தை. என்றோ மணமாகிக் கணவரை இழந்து, இப்போது ஒரு பெண்ணோடு வாழ்பவரின் சொந்தச் சம்பாத்தியம்கூட மாமியார் வீட்டுக்குப் போகலாம். இணையருக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.

எனவே முதல் வேலை உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், குடும்பம் வழக்குக்கு வரும் என்று எண்ணியே எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாக, வீட்டை மாற்றிக்கொண்டே இருக்காதவர்களாகப் பாருங்கள். பின்னால் நீதிமன்றத்துக்கு வந்து சொல்லப்போவது அவர்கள்தான்.

இத்தகைய உயில்கள் உடைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, பயனடையும் இணையரே வக்கீலைப் பார்த்து, வாசகத்தைத் தட்டச்சு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் கூடவே வருவது. இதை நீதிமன்றங்கள் சந்தேகத்துக்குரிய சூழலாகப் பார்க்கும். அன்று அவர் வேலைக்குப் போகட்டும். இரண்டாவது, இயல்பான வாரிசுகளைக் காரணம் சொல்லாமல் விலக்குவது. “என் பெற்றோரை விலக்குவது கோபத்தால் அல்ல, அவர்களுக்குப் போதிய வருமானம் இருக்கிறது. இன்னாரோடு இன்ன ஆண்டிலிருந்து ஒரே வீட்டில் வாழ்கிறேன்” என்று இரண்டு வரி இருந்தாலே வித்தியாசம் தெரியும். அதே வாரத்தில் வாங்கிய, மனத்தெளிவுக்கான மருத்துவச் சான்றையும் உடன் வையுங்கள். இஸ்லாமியர்கள் கவனிக்க: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

அடுத்து வங்கி. இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு திறக்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராக (நாமினியாக) வைக்கவும் எந்தத் தடையுமில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதிச் சேவைகள் துறை தெளிவுபடுத்தியது. அதன் நகலைக் கையில் கொண்டுபோங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பார்த்திருக்க மாட்டார். கணக்கை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் திறக்க வேண்டும். ‘இருவரும் சேர்ந்து’ என்று டிக் அடித்துவிட்டால் ஒருவர் ஐசியூவில் இருக்கும்போது மற்றவரால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. நியமனப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘நண்பர்’ என்றே எழுதலாம். நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. ஆகவே அதே பெயர் உயிலிலும் வர வேண்டும்.

காப்பீட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நியமனதாரரானால் தொகை அவர்களுக்கே சொந்தம். இணையருக்கு அந்தச் சலுகை இல்லை. பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு உயிலில் எழுதினால்தான் பெற்றோர் உரிமை கோரும்போது பிடி இருக்கும்.

பி.எஃப். மட்டும் முரட்டுத்தனமானது. அதன் விதியில் ‘குடும்பம்’ என்றால் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். அவர்களில் ஒருவர் இருந்தாலும் வெளியாளை நியமிப்பது செல்லாது. பணிக்கொடைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பெற்றோர் உங்களைச் சார்ந்திராவிட்டால் இணையரை நியமிக்கலாம். சார்ந்திருந்தால் சுற்றிப்போக வழியில்லை. நாங்கள் சொல்வது: விருப்பக் கூடுதல் பி.எஃப். பிடித்தம் வேண்டாம், அந்தத் தொகையைக் கூட்டு வைப்புநிதியில் போடுங்கள்.

பணத்தையும் வீட்டையும் கைமாற்றுவதிலும் வரி இருக்கிறது. ஒரு நிதியாண்டில் ‘உறவினர்’ அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால், மிகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வருமான வரி. மனைவி கொடுத்தால் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குச் செட்டில்மென்ட் எழுத முத்திரைத்தீர்வை 1%, வேற்றாளுக்கு 7%. வீடு வாங்கும்போதே இருவர் பெயரும் பத்திரத்தில், அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தோடு, வந்துவிடட்டும். பிறகு சேர்ப்பது செலவு.

மருத்துவமனையில் “சொந்தக்காரங்க யாரு?” என்ற கேள்விக்குத் தயாராகுங்கள். மருத்துவர்களின் 2002 நடத்தை விதி 7.16, அறுவைக்கு முன் கணவன் அல்லது மனைவி, சிறாருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளியே சம்மதம் தரலாம் என்கிறது. வயதுவந்த நோயாளி நினைவோடு இருந்தால் அவர் சம்மதம்தான் சம்மதம். மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் வாங்கிய கையெழுத்து போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. ஆகவே அட்மிஷன் அன்றே, “என் நிலை குறித்து இவரிடம் பேசுங்கள், இவரைக் கலந்து முடிவெடுங்கள்” என்று கையெழுத்திட்டுக் கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

பலர் மருத்துவத்துக்கென்று பொது அதிகாரப் பத்திரம் எழுதிவைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேண்டிய நேரத்தில் கைவிடும்: எழுதியவர் மனத்தெளிவு இழந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த அதிகாரமே முடிந்துவிடுகிறது. கோமாவுக்கு உதவுவது முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல். 2023-இல் எளிமையாக்கப்பட்ட முறைப்படி இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரின் சான்று. காப்பாளர் என்ற இடத்தில் இணையரின் பெயர். உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவதா என்ற முடிவுக்கு மட்டுமே இது. மனநலச் சிகிச்சைக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு மிகவும் தாராளமானது: வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு, சம்மதிக்கும் எந்த வயதுவந்தவரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். நியமிக்காவிட்டால் உறவினருக்கே முன்னுரிமை. உங்கள் ஈர்ப்பை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று ஏதோ ஒரு மையத்தில் கொண்டுபோய் அடைக்கக்கூடிய குடும்பமென்றால், முதலில் எழுத வேண்டிய தாள் இதுதான்.

எல்லாவற்றின் நகலும் இணையரிடமும், இருவரும் நம்பும் மூன்றாவது ஒருவரிடமும் இருக்கட்டும். உயிலின் மூலப்பிரதியை உங்கள் பெயரில் மட்டுமே உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கருக்குத் தனி நியமனம் இல்லையென்றால், நீங்கள் போனபின் அதைத் திறக்க வங்கி கூப்பிடுவது வாரிசுகளைத்தான்.