பழைய ராக் ஆல்பத்தைச் சரவுண்ட் ஒலிக்கு மறுகலவை செய்யும் முறை

தமிழில் ரீமிக்ஸ் என்றாலே பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போடுவது என்ற பொருள் படிந்துவிட்டதால், இங்கே மறுகலவை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். 1960களிலும் 1970களிலும் பதிவான ஒரு ராக் ஆல்பத்தின் மல்டிடிராக் டேப்பை எடுத்து, அதில் தனித்தனியாக இருக்கும் குரலையும் கருவிகளையும் 5.1 ஸ்பீக்கர்களுக்கோ (கேட்பவரைச் சுற்றி ஐந்தும், ஆழ்ந்த ஒலிக்கு ஒரு சப்-வூஃபரும்), தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் டால்பி அட்மாஸுக்கோ மறுபடி கலப்பதுதான் வேலை. இதற்கு உட்காரும் எவருக்கும் முதலில் எழும் ஆசை, கித்தாரைத் தூக்கிப் பின்னால் வைத்தால் எப்படியிருக்கும் என்று பார்ப்பதுதான். அந்த ஆசையைச் சில நாட்கள் ஒத்திப்போடுங்கள். கேட்டவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு ஸ்டீரியோ கலவை ஏற்கெனவே இருக்கிறது; அதை இரண்டு சானலில் அப்படியே திரும்பக் கட்டி, அசல் எது நம்முடையது எது என்று நமக்கே குழப்பம் வரும் நிலையை எட்டிய பிறகே ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் போன்ற குழுக்களின் ஆல்பங்களை மறுகலவை செய்த ஸ்டீவன் வில்சன் பின்பற்றுவதும் இதே வரிசைதான்.

டேப்பிலிருந்து கணினிக்கு

மல்டிடிராக் டேப்பும் அதன் உரிமையும் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடமோ கலைஞரிடமோ இருக்கும். அவர்களின் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிட இயலாது. ஸ்டீரியோ கோப்பிலிருந்து குரலையும் டிரம்ஸையும் பிரித்தெடுக்கும் மென்பொருள்களைக் கொண்டு வீட்டில் பழகிப் பார்க்கலாம். ஆனால் அப்படிப் பிரித்த டிராக்கைப் பின் ஸ்பீக்கரில் தனியாக வைத்தால், ஸ்டீரியோவில் மறைந்திருந்த நீர்க்குமிழி போன்ற சிதைவுகள் அப்பட்டமாகக் கேட்கும்.

டேப் கைக்கு வந்ததும் உடனே ஓட்டிவிடக் கூடாது. 1970களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரை தயாரான சில வகை டேப்புகளில், காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி ஒட்டும் தன்மை அடைந்திருக்கும். ஓட்டினால், இசை பதிந்த பூச்சே டேப் இயந்திரத்தின் படிக்கும் தலையில் உரிந்து நின்றுவிடும். அத்தகைய டேப்பை ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கிய பிறகே ஓட்டுவார்கள். அதைப் பழக்கப்பட்டவரிடம் விட்டுவிடுவதே நல்லது. பெட்டியின் மேல் எழுதியுள்ள குறிப்புகளைப் புகைப்படம் எடுத்து, டேப்பின் தொடக்கத்தில் உள்ள சோதனைத் தொனிகளைக் கொண்டு தலையின் கோணத்தையும் அளவுகளையும் சரிசெய்து, டால்பி ஏ இரைச்சல் குறைப்பு பயன்பட்டிருந்தால் அதற்குரிய டிகோடரையும் இணைத்து, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் ரீல் முழுவதையும் ஏற்றுங்கள். பாடலுக்கு முன்னால் வரும் எண்ணிக்கையையும் பேச்சையும் வெட்டாதீர்கள். எந்த டிராக்கில் எந்த மைக் இருந்தது என்பதை அந்தப் பேச்சுதான் பல நேரங்களில் காட்டிக்கொடுக்கும்.

நான்கு டிராக் காலத்து ஆல்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கும் நிரம்பியதும் அவற்றை ஒன்றிரண்டு டிராக்காகக் கலந்து இன்னொரு டேப்பில் இறக்கி, மிச்சமிருக்கும் இடத்தில் மேலும் பதிவார்கள். கடைசி ரீலை மட்டும் எடுத்தால் டிரம்ஸும் பேஸும் கித்தாரும் ஒரே டிராக்கில் பிசைந்து கிடக்கும். பீட்டில்ஸின் 1967 ஆம் ஆண்டு ஆல்பமான சார்ஜென்ட் பெப்பரை 2017இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் மறுகலவை செய்தபோது, அப்படி இறக்குவதற்கு முந்தைய ரீல்களைத் தேடி எடுத்து அவற்றை ஒத்திசைத்தார். முதல் தலைமுறை ரீல்கள் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

அசலைத் திரும்பக் கட்டுதல்

மல்டிடிராக்கை ஏற்றிய அதே மென்பொருள் செஷனில் அசல் ஸ்டீரியோ மாஸ்டரையும் ஏற்றி, டிரம்ஸின் முதல் ஸ்னேர் அடியில் மல்டிடிராக்குடன் பொருத்துங்கள். முதல் அடியில் பொருந்தியது கடைசி அடியில் பொருந்தாது. அன்று ஓடிய இயந்திரங்களும் இன்று ஓடும் இயந்திரமும் ஒரே வேகத்தில் சுழலுவதில்லை, வேறுபாடு 0.1 சதவீதமே என்றாலும் 4 நிமிடப் பாடலின் முடிவில் 240 மில்லிவினாடி விலகிவிடும், ஒரே ஸ்னேர் இரண்டு அடியாகக் கேட்கும். இதைத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்திச் சரிசெய்யாமல், மல்டிடிராக்கின் வேகத்தையே மொத்தமாக மாற்றி அசலுக்கு இணங்கச் செய்யுங்கள். சில பாடல்களை வேண்டுமென்றே வேகம் கூட்டியோ குறைத்தோ கலந்திருப்பார்கள். ஏறத்தாழ 6 சதவீத வேகம் ஓர் அரை ஸ்வரத்துக்குச் சமம் என்பதால் அதைக் கவனிக்கத் தவறினால் பாடல் வேறு சுருதியில் வந்து நிற்கும்.

ஒப்பிடுவதற்கு நான் கையாளும் வழி எளியது. ஹெட்ஃபோனின் இடது காதில் அசலை மோனோவாகவும் வலது காதில் என் கலவையை மோனோவாகவும் விடுவேன். இரண்டிலும் சம அளவில் இருக்கும் கருவி தலையின் நடுவில் நிற்கும். என் கலவையில் குறைந்திருப்பது இடப்பக்கம் சாயும். இரண்டாவது சரணத்தில் மட்டும் டாம்பரின் என்னும் சலங்கைக் கருவி இடப்பக்கம் நழுவினால், அந்த இடத்தில் அன்றைய ஒலிப்பதிவாளர் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) ஏற்றியிருக்கிறார் என்று பொருள். இப்படி ஒவ்வொரு கருவியையும் பின்தொடர்ந்தால் அவர் கையசைவு முழுவதும் பிடிபட்டுவிடும். கருவிகள் இடவலமாக நிற்கும் இடத்தைச் சரிபார்க்க, வழக்கம்போல் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும்.

எதிரொலிகளும் ரிவெர்ப்பும் (பெரிய அறையில் ஒலி நீடித்து அடங்குவது போன்ற விளைவு) பெரும்பாலும் மல்டிடிராக்கில் இருக்காது, கலக்கும்போது சேர்த்தவை. ஆகவே அவற்றைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் பரவலாக இருந்தது 1957இல் வந்த இஎம்டி 140 என்னும் எஃகுத்தகடு ரிவெர்ப். பல இடங்களில் ஒலியை முதலில் ஒரு டேப் இயந்திரத்தின் வழியே தாமதப்படுத்தி அதன் பிறகே தகட்டுக்கு அனுப்புவார்கள். பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் இடையே 2 அங்குலம் இருந்து டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால் தாமதம் 133 மில்லிவினாடி. ரிவெர்ப் மென்பொருளில் (பிளக்-இன்) எண்ணைக் கண்மூடித்தனமாகத் தேடுவதைவிட, இப்படிக் கணக்கிட்டு அங்கிருந்து தொடங்கினால் விரைவில் விடை கிடைக்கும்.

அறை

இதில் பேச அதிகமில்லை. கேட்பவரிலிருந்து முன் இரண்டு ஸ்பீக்கர்களும் 30 டிகிரியிலும், நடு ஸ்பீக்கர் நேரெதிரிலும், பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள்ளும், எல்லாம் சம தூரத்திலும் இருக்க வேண்டும். சம தூரம் வாய்க்காவிட்டால் 34 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிவினாடி என்ற கணக்கில் அருகிலிருப்பதைத் தாமதப்படுத்துங்கள். பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை இரைச்சலை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒலிக்கவிட்டு மீட்டரில் ஒரே அளவு வரும்படி செய்யுங்கள்.

எதை எங்கே வைப்பது

ஸ்டீரியோவில் இடப்பக்கம் இருந்தது சரவுண்டிலும் இடப்பக்கமே இருக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கும் சுதந்திரம் மட்டுமே நமக்குண்டு என்று வைத்துக்கொண்டால், ஆல்பத்தை அறிந்தவர் திசை தடுமாற மாட்டார். டிரம்ஸ், பேஸ், முதன்மைக் குரல் மூன்றும் முன்னால் நிற்கும். பின்னணிக் குரல்கள், ஆர்கன், மெலட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் விசைப்பலகை), தாள உபகருவிகள், குரலுக்குப் பதில் சொல்லும் கித்தார்த் துணுக்குகள் ஆகியவை பின்னால் போகத் தகுந்தவை.

ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடமும் வலமுமாக வைத்த அகூஸ்டிக் கித்தார் இணையை எடுத்துக்கொள்வோம். அதைப் பக்கச் சுவர்கள் வரை விரிக்க வேண்டும் என்று அந்தந்தப் பக்கத்து முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் சம அளவில் அனுப்பினால், நினைத்த இடத்தில் கித்தார் நிற்காது. முன்னும் பின்னுமாகத் தாவும், தலையைச் சற்றுத் திருப்பினாலே கலைந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே தோன்றும் பிம்பத்தை நம் காது உறுதியாகப் பிடிப்பதில்லை. கித்தாரை முழுவதுமாகப் பின் ஸ்பீக்கரில் வைத்து, அதன் ரிவெர்ப்பை மட்டும் அதே பக்கத்து முன் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் கித்தார் ஊன்றி நிற்கும், அறையும் நிரம்பும்.

இடம் மாற்றும் முன் ஒவ்வொரு டிராக்கையும் தனியே கேளுங்கள். டிரம்ஸின் ஹைஹாட் தட்டுகளுக்கு வைத்த மைக்கில் ஸ்னேர் கசிந்திருக்கும். ஹைஹாட்டைப் பின்னால் கொண்டுபோனால் ஸ்னேரும் பாதி வழி கூடவே போகும். டிரம்ஸை இரண்டே டிராக்கில் பதிந்திருந்தால் அதைச் சுற்றிப் பரப்பும் எண்ணத்தைக் கைவிட்டு, அதன் ரிவெர்ப்பை மட்டும் பின்னுக்கு விடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ரிவெர்ப்பை நகலெடுக்காமல் சற்று வேறுபட்ட இரண்டை வைப்பது அவசியம். இல்லையென்றால் ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும்.

ஒலியைச் சுழற்றுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. 1970களின் குவாட்ராபோனிக் (நான்கு ஸ்பீக்கர்) காலத்தில் அது வாடிக்கையாக இருந்தது. அன்று அது புதுமை. என் முதல் முயற்சி ஒன்றில் டாம்-டாம் உருட்டலை அறையைச் சுற்றி ஓடவிட்டுப் பெருமையாகத் தூங்கப்போனேன். மறுநாள் கேட்டபோது, ஒவ்வோர் உருட்டலுக்கும் டிரம்மர் எழுந்து நாற்காலிகளைச் சுற்றி ஓடிவந்து உட்காருவதுபோல் இருந்தது. அசல் கலவையில் இடவலமாக நகர்ந்த ஒலிகளை மட்டும் இப்போது நகர்த்துகிறேன்.

முதன்மைக் குரலை நடு ஸ்பீக்கரில் மட்டும் வைத்தால், அது அம்மணமாக நிற்கும். இடையில் திரும்பப் பாடி ஒட்டிய சொற்களும் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த தாளமும் வெளியே தெரியும். முன் இடவலத்திலும் சற்றுக் குறைந்த அளவில் அதைச் சேர்ப்பது என் வழக்கம். ஆழ்ந்த ஒலிக்கென்றே உள்ள எல்எஃப்இ சானல் 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் வகையில் அமைந்தது என்பதாலும், ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அது வழக்கமாக விடுபட்டுவிடும் என்பதாலும், கிக் டிரம்மையோ பேஸையோ அதில் மட்டும் நம்பி வைக்கக் கூடாது. பழைய ராக்குக்கு அதைக் காலியாக விட்டாலும் குற்றமில்லை.

அசல் ஸ்டீரியோவின் இறுக்கம் பெரும்பாலும் மொத்தக் கலவையின் மேல் போட்ட கம்ப்ரசரால் (உரத்த ஒலியை அழுத்தும் கருவி) வந்தது. ஆறு சானலையும் ஒரே கம்ப்ரசரில் கட்டினால், முன்னால் கிக் விழும்போதெல்லாம் பின்னால் ஆர்கன் மூச்சு வாங்கும். முன் பகுதிக்கும் பின் பகுதிக்கும் தனித்தனிக் கம்ப்ரசர் வைத்து, பின்னதை லேசாக மட்டும் அழுத்துங்கள்.

அட்மாஸுக்கும் இதே கலவையே அடித்தளம். மேல் ஸ்பீக்கர்களில் ரிவெர்ப்பும் பின்னணிக் குரல்களும் இருந்தால் போதும். பெரும்பாலானோர் ஹெட்ஃபோனில்தான் கேட்பார்கள் என்பதால் பைனாரல் வடிவத்தையும் (ஹெட்ஃபோனிலேயே சுற்றுப்புற உணர்வைத் தருவது) சோதியுங்கள்; கிக்குக்கும் பேஸுக்கும் பைனாரலை அணைத்துவைத்தால் அடிநாதம் கரையாது. ஸ்ட்ரீமிங் தளங்களில் அட்மாஸ் இசைக்கு உரத்த அளவு -18 எல்கேஎஃப்எஸ்ஸைத் (சராசரி உரப்பின் அலகு) தாண்டக் கூடாது, உச்சம் -1 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும்.

சோதனையும் ஒப்படைப்பும்

நடு சானலையும் பின் சானல்களையும் 3 டெசிபெல் குறைத்து இடவலத்தில் சேர்த்து, முதலில் கட்டிய ஸ்டீரியோவுடன் ஒப்பிடுங்கள். ஏதேனும் கருவி காணாமல் போனால் எங்கோ ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழாக இருக்கிறது. பாடல் மங்கி முடியும் இடமும் பாடல்களுக்கு இடைப்பட்ட மௌனமும் அசலின் நீளத்திலேயே இருக்கட்டும்.

கோப்பை அனுப்பும்போது சானல் வரிசையை எழுத்தில் குறிப்பிடத் தவறாதீர்கள். திரைப்பட வரிசை இடது, நடு, வலது, பின்னிடது, பின்வலது, எல்எஃப்இ. மற்றொரு வழக்கம் இடது, வலது, நடு, எல்எஃப்இ, பின்னிடது, பின்வலது. முன்னதில் செய்த கோப்பைப் பின்னதாகப் படித்தால் பாடகர் வலது மூலைக்குப் போய்விடுவார், பின்னிடது ஸ்பீக்கரின் ஆர்கன் சப்-வூஃபரில் உறுமும். ஒவ்வொரு சானலிலும் அதன் பெயரைச் சொல்லிப் பதிந்த அரை நிமிடக் கோப்பு ஒன்றைத் தனியாகச் சேர்த்து அனுப்பினால், மாஸ்டரிங் செய்பவர் முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பார்.