எண்ணெய் வட்டைச் சுற்றி வளையம் விழவில்லையா?

வாசனை எண்ணெய் ஒன்றின் கிருமி எதிர்ப்பைப் பார்க்க வட்டுப் பரவல் முறையில் இறங்கினேன்: பாக்டீரியா பூசிய அகாரின் மேல் மருந்து தோய்த்த காகித வட்டை வைத்து, சுற்றிலும் வளர்ச்சியில்லாத வளையம் விழுகிறதா என்று பார்ப்பது. முல்லர் ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) 4 மி.மீ. தடிமன், பாக்டீரியாக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் அடர்த்தி அளவு), எல்லாம் சரி. ஆன்டிபயாட்டிக் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம். எண்ணெய் வட்டில் ஒன்றுமே இல்லை. தண்ணீரோடு சேராத எண்ணெய் அகாருக்குள் எப்படிப் பரவும்?

அதனால் 96 சிறு குழிகள் கொண்ட தட்டுக்கு மாறினேன். எண்ணெயை நீரோடு கலக்க வைக்கும் ட்வீன் 80 துளி சேர்த்து எண்ணெயைத் திரவ ஊடகத்தில் கலக்கி, குழிக்குக் குழி செறிவைப் பாதியாகக் குறைத்தேன். ட்வீனே பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று தெரிய, எண்ணெய் இல்லாமல் ட்வீன் மட்டும் சேர்த்த குழியும் கட்டாயம் வேண்டும், விட்டுவிடாதீர்கள். அப்புறம் இன்னொரு தொல்லை: எண்ணெயே பால்போல் கலங்கியதால் வளர்ச்சி எதுவென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாக்டீரியா வளர வெதுவெதுப்பில் அடைகாத்த பிறகு, ரெசசூரின் என்ற நீலச் சாயம் விட்டேன். பாக்டீரியா வளர்ந்த குழிகள் இளஞ்சிவப்பாயின. நீலமாகவே நின்றவற்றில் மிகக் குறைந்த செறிவைத் தடுப்புச் செறிவாகக் குறித்துக்கொண்டேன்.