சின்ன அரங்கில் நேரடி இசை: பெரிய கச்சேரிப் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

மைதானங்களிலும் பெரிய அரங்குகளிலும் கச்சேரி பார்த்துப் பழகியவர்கள், 100 அல்லது 200 பேர் மட்டுமே கொள்ளும் ஓர் அறைக்கு இசை கேட்கப் போகும்போதும் அதே பழக்கங்களோடு போகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஜாஸ் இசையின் புகழ்பெற்ற நேரடிப் பதிவுகள் பல எடுக்கப்பட்ட நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் 123 பேருக்குத்தான் இடம். பாட்டு எழுதுபவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடும் நாஷ்வில்லின் புளூபேர்ட் கஃபேயில் 90 இருக்கைகள்தான். இந்த அளவு இடத்தில் ஒருவர் வராமல் போனாலும் தெரியும், ஒருவர் பேசினாலும் மேடை வரை கேட்கும். ஆகவே இங்கே நாம் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளுக்கும் எடை கூடுதல்.

டிக்கெட்டை வைத்துத் தொடங்குவோம். "கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் மிகப் பரவலான தவறு. பெரிய கச்சேரிக்குக் கடைசி நாளில் மறுவிற்பனை விலை இறங்கலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சின்ன அரங்கில் அந்தக் கணக்கு செல்லாது, ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஊர் ஊராகப் பயணம் செய்யும் கலைஞருக்கு அரங்கு ஒரு உறுதித்தொகை தரும், அல்லது வாசல் வசூலில் பங்கு தரும், சில சமயம் இரண்டும் கலந்த ஏற்பாடாக இருக்கும். எப்படி இருந்தாலும், நிகழ்ச்சிக்கு முன்பே எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்பதை ஏற்பாட்டாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். வண்டி, எரிபொருள், தங்கும் அறை, ஒலிப்பொறியாளர் சம்பளம் என்று செலவு முன்கூட்டியே நிற்கிறது. விற்பனை மந்தமாக இருந்தால் நிகழ்ச்சியையே ரத்து செய்துவிடுவார். அன்றைக்கு வாசலில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்த 60 பேர் அவர் கணக்கில் வரவே மாட்டார்கள். போவது உறுதி என்றால் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி நடப்பதற்கே அது உதவும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இலவச நிகழ்ச்சி, பெயர் பதிந்தால் போதும் என்றால் யோசிக்காமல் இரண்டு இடத்தைப் பிடித்துவைப்பது, பிறகு அன்று மழை பெய்கிறது என்று போகாமல் இருப்பது. "இடம் முழுவதும் நிறைந்தது" என்ற அறிவிப்பைப் பார்த்துப் பலர் வராமல் இருந்திருப்பார்கள், உள்ளே பார்த்தால் கால்வாசி காலி. போக முடியாது என்று தெரிந்த உடனேயே அரங்குக்கு ஒரு வரி எழுதிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு இடம் கிடைக்கும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் என்றால் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.

தேதியைத் தவறாகப் படிப்பது சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் நடக்கிறது. சுற்றுப்பயண அட்டவணையில் 7/8 என்று இருந்தால் அது அமெரிக்கக் குழுவாக இருக்கும் பட்சத்தில் ஜூலை 8, மற்ற பல நாட்டவர் எழுதியதாக இருந்தால் ஆகஸ்ட் 7. ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல்: பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அலபாமாவிலும் இருக்கிறது. கச்சேரித் தேதிகளைத் திரட்டித் தரும் செயலிகள் வசதியானவைதான், ஆனால் ஒத்திவைப்பும் நேர மாற்றமும் அங்கே வந்து சேர நாளாகலாம். பணம் கட்டுவதற்கு முன் அரங்கின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். வயது வரம்பு, பை கொண்டுவரலாமா, வெளியே போனால் திரும்ப விடுவார்களா, சக்கர நாற்காலிக்கு வழி உண்டா என்பதெல்லாமும் அங்கேதான் இருக்கும். பழைய கட்டடங்களில் பல அரங்குகள் நிலவறையிலோ மாடியிலோ இருக்கின்றன, லிஃப்ட் இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. பயணக் கலைஞர்களின் நிகழ்ச்சி தள்ளிப்போவது அபூர்வமல்ல. தொண்டை கட்டுவது, வண்டி பழுதாவது, எல்லையில் கருவிகள் மாட்டிக்கொள்வது என்று காரணங்கள் பல. தள்ளிப்போனால் பொதுவாகப் பழைய டிக்கெட்டே புதிய தேதிக்குச் செல்லும். வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு கெடு இருக்கும், அதைச் சொல்லும் மின்னஞ்சலைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். முன்பின் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால் சிக்கல் கூடுதல், ஏனென்றால் பணம் முதலில் வாங்கியவரின் கணக்குக்குத்தான் திரும்பும். தங்கும் அறையை ரத்து செய்ய முடியாத கட்டணத்தில் எடுப்பதை இந்த மாதிரி பயணங்களில் தவிர்ப்பது நல்லது. அப்புறம், டிக்கெட் வந்த சந்தோஷத்தில் அதன் படத்தை இணையத்தில் போடாதீர்கள். அதிலுள்ள கட்டக் குறியீட்டை (QR) பிரதி எடுத்த யாரோ ஒருவர் உங்களுக்கு முன் உள்ளே போய்விட்டால் வாசலில் நிற்கப்போவது நீங்கள்.

முதல் குழுவைத் தவறவிடுவது

டிக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு நேரங்கள் இருக்கும்: கதவு திறக்கும் நேரம், நிகழ்ச்சி தொடங்கும் நேரம். பலர் இவை இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு நேரத்தைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள், "முக்கியக் கலைஞர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார்" என்று. சின்ன அரங்குகள் பல குடியிருப்புகளுக்கு நடுவே இருப்பதால் ஒலியை நிறுத்த வேண்டிய நேரம் கறாராக இருக்கும். சில இடங்களில் அதே இரவு இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கும். அதனால் அட்டவணை நகராது. ஒரு மணி நேரம் தாமதமாக வந்து பாதிக் கச்சேரியை இழந்தவர் யார் மீதும் குறை சொல்ல முடியாது.

இழப்பு அது மட்டுமல்ல, முக்கியக் கலைஞருக்கு முன் மேடையேறும் முதல் குழுவும் கைநழுவிப் போகிறது. 1993 மே 31 அன்று கிளாஸ்கோவில் சுமார் 300 பேர் கொள்ளும் கிங் டட்ஸ் வா வா ஹட் என்ற அரங்குக்கு, கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலன் மெகீ வேறொரு குழுவைப் பார்க்கத்தான் வந்தார். முன்னதாகவே வந்துவிட்டதால், அதற்கு முன் மேடையேறிய, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓயாசிஸ் குழுவைப் பார்த்தார். அங்கேயே ஒப்பந்தம் பேசிவிட்டார். எல்லா முதல் குழுவும் ஓயாசிஸ் ஆகிவிடாது, சுமாரானவையும் உண்டு, உண்மையிலேயே தாங்க முடியாதவையும் உண்டு. ஆனாலும் முக்கியக் கலைஞர் பல சமயம் தனக்குப் பிடித்தவரையே முதலில் பாடக் கூப்பிடுகிறார் என்பதால், அவர் ரசனை நமக்குப் பிடித்திருந்தால் அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

எங்கே நிற்பது

சீக்கிரம் வந்தவர்கள் நேராக மேடை முன் ஓடுகிறார்கள். முகம் பார்க்க அது நல்ல இடம், காதுக்கு அல்ல. பாட்டுக்காரரின் குரல் மேடையின் இரு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக வருகிறது. அவை கூட்டத்தின் நடுப்பகுதியை நோக்கி வைக்கப்பட்டிருக்கும். மேடைக்கு நேர் முன்னால் நிற்பவருக்கோ டிரம்ஸும் கித்தாரின் ஒலிபெருக்கிப் பெட்டியும் (ஆம்ப்) நேரடியாக மோதும், குரல் எங்கோ மேலே போய்விடும். "பாட்டே கேட்கலை, சவுண்ட் மோசம்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் நின்ற இடம் தவறு என்பது என் எண்ணம். சுவர் ஓரத்திலும் மூலையிலும் தாழ்ந்த சுரங்கள் தேங்கிப் பூதாகரமாகும். ஒலிப்பொறியாளரின் மிக்சர் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், ஆகவே அவருக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதைவிட நல்ல இடம் பொதுவாகக் கிடையாது.

முதல் பாட்டிலேயே ஒலியைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதும் அவசரம். மாலையில் ஒலியைச் சோதித்துப் பார்க்கும் சவுண்ட் செக் நடக்கும்போது அறை காலி. ஆட்கள் வந்து நிறைந்ததும் உடலும் துணியும் உச்ச சுரங்களை உறிஞ்சிவிடுகின்றன, எதிரொலி குறைகிறது, அறையே வேறு அறையாகிவிடுகிறது. பொறியாளர் எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய இரண்டு பாட்டாவது ஆகும். அந்த நேரத்தில் போய் அவர் தோளைத் தட்டி யோசனை சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாமே.

நிற்குமிடம் தேடும்போதே இரண்டாவது வெளிவாசல் எங்கே என்றும் பார்த்துவையுங்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற சிறு இசையரங்கில், மேடையில் கொளுத்திய வாணவெடிப் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடியதால் அங்கே நெரிசலில் வழி அடைந்துபோனது. வந்த வழியே திரும்பிப் போவதுதான் மனித இயல்பு. தலையைத் திருப்பி இன்னொரு கதவைப் பார்த்துக்கொள்ளப் பத்து நொடி போதும்.

காதைக் காப்பாற்றாமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் திருத்தவே முடியாதது இதுதான். உட்காதின் நுண்ணிய உணர்முடிச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப வளர்வதில்லை. அரங்கு சின்னது என்பதால் ஒலியும் குறைவு என்று நினைப்பது பெரிய பிழை. தாழ்ந்த கூரை, பக்கத்திலேயே ஸ்பீக்கர், கையால் தொடும் தூரத்தில் டிரம்ஸ் என்றால் 100 டெசிபலைத் தாண்டுவது எளிது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு இப்படி: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே இறங்கி 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். ஒரு கச்சேரியோ இரண்டு மணி நேரம் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசையரங்குகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டி, எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் ஒலியின் சராசரி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது; காதடைப்பான்கள் (இயர்பிளக்) அங்கேயே கிடைக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒன்று வேண்டும் என்றும் சொல்கிறது.

"இயர்பிளக் போட்டால் பாட்டு மங்கிப்போகும்" என்பவர்கள் பஞ்சு போன்ற நுரை வகையை மட்டும் போட்டுப் பார்த்தவர்கள். அது உச்ச சுரங்களை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் வெட்டுவதால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடுகிறது. இசைக்கலைஞர்களுக்கென்று செய்யும் வடிகட்டி வைத்த வகை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். சத்தம் மட்டும் இறங்கும், இசை அப்படியே இருக்கும். 15 டெசிபல் குறைத்தாலே 100 என்பது 85 ஆகிவிடுகிறது, மேலே சொன்ன கணக்குப்படி 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. ஆனால் காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பாதியில் கழற்றிக் கழற்றிப் போடுவதிலும் பயனில்லை. குழந்தைகளைக் கூட்டிப்போனால் தலையில் மாட்டும் காதுறை வகை நல்லது. வெளியே வந்த பிறகு காதில் ரீங்காரம் இருந்தால், அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். மறுநாள் சரியாகிவிட்டதே என்று விட்டுவிடக்கூடாது.

பேச்சும் போனும்

மைதானத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேசினால் யாருக்கும் கேட்காது. ஒரு கித்தாரும் ஒரு குரலும் மட்டும் இருக்கும் அறையில் அடக்கிப் பேசினாலும் பாடுபவருக்குக் கேட்கும். புளூபேர்ட் கஃபேயில் பேசினால் 'ஷ்' என்று அடக்கிவிடுவார்கள், அந்த 'ஷ்' அவர்களுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பேச வேண்டியிருந்தால் பின்னால் போய்விடுங்கள், அவ்வளவுதான்.

போனில் ஒரு பாட்டு எடுத்துக்கொள்வதை யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். முழுக் கச்சேரியையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எடுப்பவர் பின்னால் நிற்கும் நான்கு வரிசைக்குத் திரையைத்தான் காட்டுகிறார். ஃபிளாஷின் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது. முன்னால் நிற்பவரின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும். உரத்த ஒலியில் போன் மைக் திணறி உடைந்த சத்தத்தையே பதிவுசெய்யும் என்பதால், அந்தக் காணொளிகளை எடுத்தவரே திரும்பப் பார்ப்பதில்லை.

முடிந்ததும்

விற்பனை மேசையைக் கடந்து வேகமாக வெளியேறுவது இன்னொரு பழக்கம். பெரிய அரங்குகள் பலவற்றில் டீ-சர்ட், இசைத்தட்டு விற்பனையில் அரங்குக்கும் ஒரு பங்கு போகும். சின்ன அரங்குகளில் பெரும்பாலும் முழுத் தொகையும் கலைஞருக்கே. ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் அவருக்குப் போவது காசின் ஒரு துணுக்கு. அந்த இரவின் எரிபொருள் செலவு இந்த மேசையில்தான் தேறுகிறது. டீ-சர்ட் அளவுகள் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்குங்கள், 12 அங்குல இசைத்தட்டைக் கடைசியில் வாங்குங்கள், கூட்டத்தில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள், நிலவறைகளில் சிக்னல் கிடைக்காது.

மேசைக்குப் பின்னால் பாடியவரே நிற்கலாம். இரண்டு வார்த்தை பேசலாம், பிடித்த பாட்டைச் சொல்லலாம். வரிசை நீண்டிருக்கும்போது அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு உங்கள் குழுவின் பாட்டைக் கேட்கச் சொல்வது வேண்டாம். இந்த மட்டத்தில் பயணம் செய்பவர்கள் கருவிகளைத் தாங்களே கட்டி வண்டியில் ஏற்றி, பல சமயம் அன்றிரவே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். மேசையில் மின்னஞ்சல் எழுதும் தாள் ஒன்று இருந்தால் அதில் புரியும் கையெழுத்தில் முகவரியையும் ஊரையும் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த சுற்றுப்பயணத்தில் எந்த ஊரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது பலர் எடுத்துப் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.