கொதிகலனில் ஹாப்ஸ் வடிகட்டி: கம்பி வலையைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

வீட்டில் பீர் காய்ச்சும்போது கொதிகலனில் போடும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூ, தன் கசப்பையும் மணத்தையும், முளைகட்டிய தானியத்தின் நொதிக்காத இனிப்புச் சாறான வோர்ட்டுக்குக் கொடுத்து முடித்தபின் வெறும் சக்கையாகிவிடுகிறது. அந்தச் சக்கை வால்வை அடைக்கிறது, பம்பைத் திணறடிக்கிறது, வோர்ட்டைத் தகடுகளுக்கிடையே ஓடவிட்டுக் குளிர்விக்கும் பிளேட் சில்லரின் குறுகிய இடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த முறை காய்ச்சும் வோர்ட்டையும் கெடுக்கிறது. எவர்சில்வர் கம்பி வலை வடிகட்டி இதைத் தடுக்கிறது. ஆனால் சக்கையைத் தடுக்கும் அதே வலை, ஹாப்ஸும் வோர்ட்டும் ஒன்றோடொன்று கலப்பதையும் ஓரளவு தடுக்கிறது. எந்த வலையை வாங்குவது, எவ்வளவு நுண்ணியதாக வாங்குவது, எங்கே பொருத்துவது என்று முடிவு செய்யும்போதெல்லாம், கொதிக்கும் வோர்ட் வலைக்குள் தாராளமாகப் போய்வர இடமிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே தரும் அளவுகள் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் வழக்கமாகச் செய்யும் 5 கேலன், அதாவது 19 லிட்டர் பீருக்கானவை. அமெரிக்காவில் 1978-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலமும், பிரிட்டனில் 1963-இல் உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதன் மூலமும் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பீர் காய்ச்சுவது அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை என்பதால், அனுமதியுள்ள நாடுகளில் வசிக்கும் வாசகர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஹாப்ஸின் வடிவத்தைப் பாருங்கள்

வடிகட்டி வாங்கும் முன் கவனிக்க வேண்டியது, நீங்கள் பயன்படுத்தப்போவது முழு ஹாப்ஸ் பூவா, பெல்லட்டா என்பதுதான். முழுப் பூ கொதித்த பின்னும் இதழ் இதழாகவே இருக்கும். கொதிகலனின் அடியில் படிந்ததும் அதுவே ஒரு வடிகட்டியாகி, தன்னைவிட நுண்ணிய வண்டலையும் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலேய மதுவடிப்பு ஆலைகளில், துளையிட்ட அடித்தளம் கொண்ட தொட்டியில் ஹாப்ஸ் பூக்களைப் படியவைத்து அதன் வழியே வோர்ட்டை இறக்கும் பழைய முறை இந்த இயல்பை நம்பியே அமைந்தது.

பெல்லட் முற்றிலும் வேறு. உலர்ந்த பூவைப் பொடியாக அரைத்து அழுத்திச் செய்த சிறு உருளை அது. கொதிக்கும் வோர்ட்டில் விழுந்த சில நொடிகளிலேயே விளிம்பு நெகிழ்ந்து, பச்சை நுரை எழும்பி, மறுபடியும் பொடியாகவே பிரிந்துவிடும். ஒரு பெல்லட்டைக் கண்ணாடிக் குவளையிலுள்ள வெந்நீரில் போட்டுப் பார்த்தால் இதை நேரிலேயே காணலாம்: கரடான துணுக்குகள் சில மேலே மிதக்கும், மற்றவை அடியில் சேறாகப் படியும், இடையில் நீர் கலங்கலாகவே நிற்கும். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெல்லட்டே என்பதால், வலையைப் பற்றிய சிக்கல்களும் பெரும்பாலும் அதனால் வருபவையே.

பசூக்காவும் தொங்கு கூடையும்

கொதிகலனுக்குள் பயன்படும் வலை வடிகட்டிகளில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று, கொதிகலனின் பந்து வால்வின் (ball valve) உட்புற முனையில் திருகிப் பொருத்தும் நீண்ட வலைக்குழாய். காய்ச்சுவோர் இதைப் பசூக்கா என்பார்கள். மற்றொன்று, கொதிகலனின் விளிம்பிலிருந்து தொங்கும் உருளைக் கூடை. இதற்கு ஹாப் ஸ்பைடர் என்று பெயர். பசூக்காவில் ஹாப்ஸ் கொதிகலன் முழுவதும் கட்டற்றுத் திரியும், வோர்ட் வெளியேறும் வழியில் மட்டும் வலை நிற்கும். கூடையில் ஹாப்ஸ் உள்ளேயே இருக்கும், வோர்ட் உள்ளும் புறமும் போய்வரும்.

முழுப் பூவுக்குப் பசூக்கா மிகப் பொருத்தமானது. அடுப்பை அணைத்துப் பூக்கள் படிந்த பின், வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து மெதுவாக ஓடவிட்டால், வலையைச் சுற்றி ஒரு ஹாப்ஸ் படுகை அமைந்துகொள்ளும். அதன் பிறகு வோர்ட் தெளிந்து வருவது கண்கூடாகத் தெரியும். எடுத்த எடுப்பில் முழுதாகத் திறந்தால் இழுவிசை அதிகமாகி, படுகை வலையோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பெல்லட்டுக்கு மட்டும் பசூக்காவை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹாப்ஸ் பொடியும், கொதியில் திரளும் புரதக் கசடும் சேர்ந்து வலையின் மேல் ஒரு பசைபோலப் பூசிக்கொள்ள, பாதிக் கொதிகலன் வடிவதற்குள் ஓட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும். அந்த நிலையில் பம்பு இணைத்திருந்தால் அது வோர்ட்டுக்குப் பதிலாகக் காற்றையும் ஆவியையும் இழுத்து ஓலமிடத் தொடங்கும். மேலும், கிளறும் துடுப்போ குளிர்விக்கும் செம்புச் சுருளோ இடித்தால் பசூக்கா எளிதில் நசுங்கும். அந்தச் சுருளை இறக்கும்போது வால்வு இருக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

பெல்லட்டுக்கு ஏற்றது கூடை. ஆனால் கூடையின் உயரத்தைக் கணக்கிட்டு வாங்க வேண்டும், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். 35 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாத்திரத்தில், கொதி முடியும் நேரத்தில் 21 லிட்டர் வோர்ட் இருந்தால், அது சுமார் 22 சென்டிமீட்டர் உயரத்துக்கே நிற்கும். விளிம்பிலிருந்து தொங்கும் கூடையின் நீளம் 35 சென்டிமீட்டர் என்றால், அதன் அடி பாத்திரத்தின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே இருக்கும். 17 சென்டிமீட்டர் கூடை வோர்ட்டில் மூழ்கியிருக்கும். கூடையின் அகலம் 15 சென்டிமீட்டர் எனில், ஹாப்ஸுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 3 லிட்டர். அதே பாத்திரத்தில் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கூடையைத் தொங்கவிட்டால் வெறும் 7 சென்டிமீட்டர்தான் மூழ்கும், ஹாப்ஸுக்குக் கிடைப்பது ஒன்றேகால் லிட்டர் இடமே. அந்தச் சிறிய இடத்தில் 100 கிராம் பெல்லட்டைக் கொட்டினால் அது கெட்டிக் களியாகிவிடும். ஆகவே கடைக்குப் போகும் முன், நீங்கள் வழக்கமாகக் காய்ச்சும் அளவு தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையிலும், நீர்மட்டத்திலிருந்து அடி வரையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடியைத் தொடாமல், அதே நேரம் ஆழமாக இறங்கும் கூடையே வேண்டும். மின்சாரக் கொதிகலனாக இருந்தால் சூடேற்றும் சுருளின் மேல் அது உட்காரவும் கூடாது.

நுண்மை எவ்வளவு

வலையின் அளவு இரண்டு விதமாகக் குறிக்கப்படுகிறது. மைக்ரான் என்பது துளையின் அகலம். எண் கூடினால் துளை பெரிது. மெஷ் எண் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. எண் கூடினால் துளை சிறிது. அமெரிக்கச் சல்லடைத் தரப்படி 50-ஆம் எண் சல்லடை 300 மைக்ரான், 20-ஆம் எண் 850 மைக்ரான். விற்பனைப் பக்கத்தில் வெறும் "300" என்று மட்டும் போட்டிருந்தால், அது எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

பெல்லட்டுக்கு 300 முதல் 400 மைக்ரான் வரையான வலை போதும் என்பது என் உறுதியான கருத்து. வலை நுண்ணியதாக நுண்ணியதாகப் பீர் தெளியும் என்று எண்ணி 100 மைக்ரான் வலையை வாங்குவோர், புரதக் கசடு அதை அடைத்துவிட, கூடைக்குள் இருக்கும் ஹாப்ஸ் வெளியிலுள்ள வோர்ட்டோடு தொடர்பற்றுப் போவதையே காண்பார்கள். 300 மைக்ரான் வலை வழியாக வரும் சிறிது தூசு நொதிகலனில் ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும்; அதனால் பீருக்குக் கேடில்லை. முழுப் பூவுக்கு 800 மைக்ரான் வலைகூடத் தாராளமாகப் போதும். பிளேட் சில்லர் வைத்திருப்பவர்கள் மட்டும் 300-ஐ ஒட்டியே நிற்பது நல்லது, ஏனென்றால் அதன் தகடுகளைக் கழற்றி உள்ளே பார்க்க முடியாத மாதிரிகளே அதிகம். செம்புச் சுருளை வோர்ட்டுக்குள் இறக்கிக் குளிர்விப்பவர்களுக்கு அத்தனை கண்டிப்பு தேவையில்லை.

வாங்கும்போது கூடையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பக்கவாட்டு இணைப்பையும் அடி வட்டத்தையும் பாருங்கள். இணைப்பின் ஓரத்தில் ஒளி கீற்றாகத் தெரிந்தால் பெல்லட் பொடி அந்த வழியே வெளியேறும். விரலால் தடவும்போது கம்பி முனை குத்தினால், கழுவும் ஒவ்வொரு முறையும் அது உங்கள் கையைக் கிழிக்கும். புதிய வலையில் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் இருக்கும்; பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, ஒரு முறை வெறும் நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

காய்ச்சும் நாளில்

வோர்ட் கொதிக்கத் தொடங்கும்போது புரதம் திரண்டு நுரை மேலெழும். அந்த நுரை அடங்கும் வரை காத்திருந்து, பிறகு கூடையைத் தொங்கவிட்டு முதல் ஹாப்ஸைப் போடுவதே பாதுகாப்பு. பெல்லட்டை மொத்தமாகக் கவிழ்க்காமல் இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். கூடைக்குள் நுரை திடீரென்று ஏறி விளிம்பைத் தாண்டினால், ஹாப்ஸ் வெளியே வழிந்து வடிகட்டியின் பயனே போய்விடும்.

கசப்பு எப்படி வருகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதிநிலையில் வடிவம் மாறித்தான் வோர்ட்டில் கரைந்து கசப்பாகிறது. கூடைக்கு வெளியே வோர்ட் துள்ளிக் கொதித்தாலும் உள்ளே அது மந்தமாகவே அசையும் என்பதால், அமிலம் ஹாப்ஸை விட்டு வெளிவருவது குறைகிறது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீண்ட கரண்டியால் கூடைக்குள் அடிவரை கிளறிவிட வேண்டும். அப்படியும் அதே செய்முறை முன்பைவிடக் கசப்புக் குறைந்து வந்தால், அடுத்த முறை தொடக்கத்தில் போடும் ஹாப்ஸை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள்.

வலை அடைபட்டதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. கூடையைச் சில அங்குலம் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் வோர்ட் உடனே இறங்கி வெளிமட்டத்துக்கு வந்தால் வலை திறந்திருக்கிறது. உள்மட்டம் உயரத்திலேயே தங்கி மெதுவாகக் கசிந்தால் வலை அடைபட்டிருக்கிறது. கரண்டியின் முதுகால் வலையின் உட்புறத்தை மேலும் கீழுமாக வழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பம்பின் உதவியால் வோர்ட்டைச் சுற்றவிட்டு, திரும்பி வரும் குழாயைக் கூடைக்குள் விடுவது ஹாப்ஸை நன்கு கலக்கும் நல்ல முறை. ஆனால் வலை அடைபடும் நேரத்தில் உள்மட்டம் விறுவிறுவென ஏறி வழிந்துவிடும். பம்பின் வெளிவாய் வால்வைப் பாதிக்கு மேல் திறக்காமல், அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள்.

அடுப்பை அணைத்தபின், 75 முதல் 80 டிகிரி வரை வோர்ட்டை ஆறவிட்டு மணத்துக்காக ஹாப்ஸ் சேர்ப்பவர்கள், கூடையைப் பிடித்து மெதுவாகப் பலமுறை உயர்த்தி இறக்க வேண்டும். இந்த வெப்பத்தில் கொதியின் அசைவு இல்லை, அசைவு முழுவதும் உங்கள் கையிலிருந்தே வர வேண்டும். 200 கிராமுக்கு மேல் ஹாப்ஸ் போடும் கலங்கலான ஐ.பி.ஏ. பீர் வகைகளில், கொதிக்கும்போது போட்ட சக்கையைக் கொட்டிவிட்டு, காலியான கூடையில் இந்த ஹாப்ஸைப் போடுவதுதான் சரியான வழி.

கூடையை எடுக்கும்போது அது கனக்கும், கையைச் சுடும் சாறும் சொட்டும். தடிமனான கையுறை போட்டு, கொதிகலனுக்கு மேலேயே சில நிமிடங்கள் பிடித்தோ கொக்கியில் மாட்டியோ வடியவிடுங்கள். பிழிய வேண்டாம், பிழிந்தால் இதுவரை வலை தடுத்து வைத்திருந்த நுண்பொடி முழுதும் வோர்ட்டுக்குள் போய்விடும்.

கூடை ஹாப்ஸைப் பிடிக்குமே தவிர, புரதக் கசடைப் பிடிக்காது. குளிரும்போது திரளும் கசடோ கூடையை எடுத்த பிறகே பெரிதும் உருவாகிறது. அதற்குச் சுழற்சியே வழி. கூடையை அகற்றிய பின், துடுப்பால் ஒரே திசையில் ஓரிரு நிமிடம் வேகமாகச் சுழற்றி, பதினைந்து நிமிடம் அசைக்காமல் விட்டால், கசடு நடுவில் குவியும். ஓரத்திலிருந்து தெளிந்த வோர்ட்டை எடுக்கலாம். தேநீரைக் கலக்கிவிட்டால் தூள் நடுவில் வந்து சேர்வதும் இதனால்தான். அதன் காரணத்தை ஐன்ஸ்டைன் 1926-இல் விளக்கினார். கனடாவின் மோல்சன் ஆலையில் 1960-இல் ஹட்ஸ்டன் என்பவர் இதையே மதுவடிப்புக்குப் பயன்படுத்தினார். கூடை உள்ளே தொங்கும்போது சுழற்ற முயல்வது வீண், ஏனென்றால் அது சுழற்சியைத் தடுத்து நிறுத்திவிடும்.

கழுவுதல்

சக்கை காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கூடையைக் கவிழ்த்துத் தட்டிக் கொட்டிய பின், நீரை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகப் பீய்ச்சுங்கள்; உள்ளிருந்து பீய்ச்சினால் துணுக்குகள் துளைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்ளும். பிறகு சோடியம் பெர்கார்பனேட் கலந்த, 60 டிகிரி அளவு சூடான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் பச்சைப் பிசின் கரைந்துவிடும். நாளடைவில் வெண்மையாகப் படியும் உப்புப் படிவத்துக்கு, நன்றாக அலசிய பின் தனியாகச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். குளோரின் கலந்த ப்ளீச் எவர்சில்வரில் ஊசித் துளைகளை உண்டாக்கும், இரும்பு நார் தேய்த்தால் அதன் துகள் தங்கித் துருவேறும். இரண்டையும் தொடவே வேண்டாம்.

கொதிகலனுக்குள் பதினைந்து நிமிடமாவது கொதித்த வலையைத் தனியே கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. அதே கூடையை, கொதிக்கவைக்காமல் நொதிகலனில் நேராகச் சேர்க்கும் உலர் ஹாப்ஸுக்குப் பயன்படுத்துவதானால், அப்போது கட்டாயம் செய்தாக வேண்டும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் சக்கையைக் கொட்டும் இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்ற நாயின் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சி முடித்த சக்கைக்கும் இது பொருந்தும். தோட்டத்து உரக்குழியில் போடாமல், பையில் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். நாய் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வலையை முழுதும் உலர்த்தி, அதன் மேல் கனமான எதையும் வைக்காமல் தொங்கவிட்டுப் பாதுகாத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கம்பிகள் விலகியோ இணைப்பு பிரிந்தோ போன கூடையை முழுப் பூவுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம்; அறுந்த கம்பித் துண்டு கழன்று வரும் நிலையில் இருந்தால் அதற்கும் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.