கடையோடு பெயரையும் எழுதி வாங்குங்கள்

நன்றாக நடக்கும் டிபன் கடையை வாங்கும்போது அடுப்பு, கிரைண்டர், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணிப் பத்திரத்தில் எழுதுகிறோம். கூட்டத்தை அழைத்துவரும் பெயரை மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். விற்றவரே ஆறு மாதத்தில் எதிர்ச்சாரியில் அதே பெயரின் முன்னால் ‘பழைய’ என்று சேர்த்துப் பலகை மாட்டினால், கொடுத்த பணத்தில் பாதி போனதுபோலத்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆவது பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் தொழிலின் நன்மதிப்பை, அதாவது குட்வில்லை, விற்பவருக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். அந்த எல்லை நியாயமானது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும்.

ஆகவே ‘குட்வில் உட்பட’ என்ற சொல் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும். முடிந்தால் அதற்கென்று தனித் தொகையும் காட்டுங்கள். ஆசைப்பட்டு ‘தமிழ்நாடு முழுவதும்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரு டிபன் கடைக்கு அவ்வளவு பெரிய எல்லை வழக்கில் நிற்பது கடினம். இன்ன நகராட்சி, இன்ன தெருக்கள் என்று குறிப்பிடுங்கள்.

பலகையில் உள்ள பெயர், வாடிக்கையாளர்கள் அழைக்கும் கைப்பேசி எண், கூகுள் வரைபடத்தில் உள்ள கடைப் பக்கம் ஆகியவையும் உங்களுக்கு மாறுவதாக எழுதுங்கள். பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்தால், அந்த உரிமை மாற்றத்தை வணிகச் சின்னப் பதிவகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவர் வரைவைப் படித்துவிடட்டும்.